இருபது கிராமின் கணக்கு

பத்து ரூபாய் நாணயம் ஒன்றின் எடை 7.71 கிராம். இரண்டரை நாணயம் சேர்ந்தால் ஏறக்குறைய இருபது கிராம். நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து வருடக்கணக்கில் நடந்த ஓர் ஆய்வு கடைசியில் வந்து நின்றது இந்த எடையில்தான். சரியாகச் சொன்னால் 19.6 கிராம்.

விறகுப் புகையைக் குறைத்தால் குழந்தைகள் எடை கூடிப் பிறப்பார்களா என்று பார்த்த அந்த ஆய்வின் பெயர் ஹேப்பின். குவாத்தமாலா, பெரு, ருவாண்டாவோடு இந்தியாவும் அதில் உண்டு. இந்தியா என்றால் இங்கே தமிழ்நாடு: நாகப்பட்டினம் மாவட்டமும், அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்த கள்ளக்குறிச்சிப் பக்கமும். சென்னை போரூரில் இருக்கும் ஸ்ரீ ராமச்சந்திரா உயர்கல்வி ஆராய்ச்சி நிறுவனத்தில் கல்பனா பாலகிருஷ்ணன் தலைமையிலான குழு இங்கே அதை நடத்தியது. விறகடுப்பில் சமைக்கும் வீடுகளில் கர்ப்பிணிகளைத் தேடிச் சேர்த்தார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு கேஸ் அடுப்பும், பதினெட்டு மாதத்துக்கு இலவச சிலிண்டரும் போயின. தீர்ந்தால் வீட்டுக்கே அடுத்த சிலிண்டர் வந்தது. மற்ற பாதிப் பேர் வழக்கம்போல விறகிலேயே சமைத்தார்கள். மூச்சில் போகும் காற்றை அளக்க, கைக்கு அடக்கமான ஒரு கருவியை உடுப்பில் மாட்டிக்கொண்டு பெண்கள் 24 மணி நேரம் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். கர்ப்ப காலத்தில் இப்படிச் சில முறை.

அடுப்பு மாறியதும் காற்று மாறியதா? நன்றாகவே மாறியது. பிஎம் 2.5 என்கிற நுண்துகளின் இடைநிலை அளவு, விறகு வீட்டுப் பெண்களுக்கு ஒரு கன மீட்டரில் 70.7 மைக்ரோகிராம், கேஸ் வீட்டுப் பெண்களுக்கு 23.9. மூன்றில் ஒரு பங்கு. இந்தத் துறையில் இதற்கு முன் செய்த அடுப்பு ஆய்வுகள் பலவும் இந்தப் படியிலேயே சறுக்கியவை. அடுப்பைக் கொடுத்தும் புகை போதுமான அளவு குறையவில்லை. ஹேப்பினில் குறைந்தது. ஆகவே குழந்தைகளின் எடையைத்தான் எல்லாரும் எதிர்பார்த்துக் காத்திருந்தார்கள்.

2022-ல் முடிவு வந்தது. கேஸ் வீட்டுக் குழந்தைகளின் சராசரி பிறப்பு எடை 2,921 கிராம், விறகு வீட்டில் 2,898. எந்த நாட்டில் பிறந்த குழந்தை என்பதையும் கணக்கில் சேர்த்தால் வித்தியாசம் 19.6 கிராம். இது புள்ளியியல்படி முக்கியத்துவம் உள்ள வித்தியாசம் இல்லை, அதாவது தற்செயலாகவும் இவ்வளவு வந்திருக்கலாம் என்று ஆய்வுக் கட்டுரை சொன்னது. இரண்டு வருடம் கழித்து வந்த கட்டுரைகளில் கடுமையான நிமோனியாவிலும் குழந்தைகளின் உயரக் குறைவிலும்கூடப் பலன் காணவில்லை. கேஸ் கொடுத்தும் பிரயோஜனம் இல்லை என்றுதான் கேட்கிறவர் மனதில் பதியும். எனக்கும் முதலில் அப்படித்தான் பட்டது.

அப்புறம் ஒரு பழைய கட்டுரையை எடுத்துப் பார்த்தேன். இதே கல்பனா பாலகிருஷ்ணன் குழு 2018-ல் வெளியிட்டது. தமிழ்நாட்டில் கிராமமும் நகரமுமாக 1,285 கர்ப்பிணிகளைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு. இதில் குலுக்கல் கிடையாது. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. யார் எவ்வளவு புகையில் இருந்தார், அவர் குழந்தை என்ன எடை என்று பார்த்ததோடு சரி. நுண்துகள் 10 மைக்ரோகிராம் கூடினால் பிறப்பு எடை 4 கிராம் குறைகிறது என்று அது கணக்கிட்டது. அந்த 4 என்பது 1 முதல் 7 வரை எங்கேயும் இருக்கலாம் என்ற நம்பக இடைவெளியோடு. இது முக்கியத்துவம் உள்ள முடிவு என்று எண்ணப்பட்டது.

சரி, இப்போது ஒரு பெருக்கல். ஹேப்பினில் இரண்டு குழுவுக்கும் இடையே காற்றில் இருந்த வித்தியாசம் 70.7 கழித்தல் 23.9, அதாவது 46.8. பத்துக்கு நான்கு கிராம் என்றால் 46.8-க்கு 18.7 கிராம்.

18.7 என்று பழைய ஆய்வு முன்கூட்டிச் சொல்கிறது; 19.6 என்று புதிய ஆய்வு அளக்கிறது. ஒன்றைத் தொடர்பு உண்டு என்ற பெட்டியிலும் மற்றொன்றைத் தொடர்பு இல்லை என்ற பெட்டியிலும் போட்டு வைத்திருக்கிறோம். இரண்டும் இவ்வளவு நெருங்கி வந்தது ஓரளவு தற்செயலாகவும் இருக்கலாம், இரண்டின் இடைவெளியும் அகலம். ஆனாலும் இந்த இரண்டு எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தவர் இரண்டு ஆய்வும் முரண்படுகின்றன என்று சொல்ல மாட்டார்.

பின்னே ஏன் முக்கியத்துவம் இல்லை என்றார்கள்? குழந்தைகள் ஒரே அச்சில் பிறப்பதில்லை, அதனால். ஒரே தெருவில், ஒரே சமையலைச் சாப்பிடும் இரண்டு வீடுகளில் ஒரு குழந்தை 2,400 கிராம் இருக்கும், இன்னொன்று 3,300 இருக்கும். ஹேப்பினில் இந்தச் சிதறலின் அளவு, அதாவது திட்ட விலக்கம், சுமார் 470 கிராம். ஒவ்வொரு குழுவிலும் 1,530 குழந்தை என்று வைத்துக்கொள்வோம். 470-ஐ 1,530-இன் வர்க்கமூலத்தால் வகுத்தால் 12. ஒரு குழுவின் சராசரியில் இருக்கும் ஆட்டம் அவ்வளவு. இரண்டு சராசரிகளைக் கழிக்கும்போது ஆட்டம் கூடும், 17 ஆகிறது. நாடுகளுக்கு இடையே உள்ள வித்தியாசத்தை நீக்கினால் 15-க்கு இறங்குகிறது. இதைத்தான் திட்டப் பிழை என்கிறோம். இருபது கிராமை அளக்கப் பதினைந்து கிராம் ஆடும் தராசு. காய்கறித் தராசில் நகை எடை போட்ட மாதிரி.

திட்டப் பிழையைப் போல இரண்டு மடங்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் போனால் 95 சதவீத நம்பக இடைவெளி. 19.6-இலிருந்து அப்படிப் போனால் ஒரு முனை மைனஸ் 10, மறுமுனை 49. பூஜ்யம் இதற்குள் இருக்கிறது என்பது மட்டும் செய்தியாகிவிடுகிறது. நாற்பதும் இதற்குள்தான் இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இருபது கிராம் வித்தியாசம் உண்மையில் இருந்தால் அதை ஐந்தில் நான்கு தடவையாவது பிடிக்கக்கூடிய ஆய்வு வேண்டும் என்றால் திட்டப் பிழை 7 கிராம் அளவுக்கு இறங்க வேண்டும். பிழையைப் பாதியாக்க ஆட்களை நான்கு மடங்காக்க வேண்டும், வர்க்கமூலத்தின் கொடுமை அது. கணக்குப் போட்டால் பதினான்காயிரம் பெண்களுக்குப் பக்கத்தில் வருகிறது. அத்தனை பேருக்கும் சிலிண்டர், கருவி, வீட்டுக்குப் போய் அளக்கும் ஆள். யார் பணம் கொடுப்பார்கள்?

இருபது கிராமுக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்கலாம். தனி ஒரு குழந்தைக்கு அது ஒன்றுமே இல்லை. ஒரு வேளைப் பால் குடித்தால் அதைவிடக் கூடும். ஆனால் சராசரி நகரும்போது மணி வடிவ வளைவு முழுக்க நகர்கிறது. 2,500 கிராமுக்குக் கீழே இருந்தால் எடை குறைந்த குழந்தை என்று ஒரு கோடு இருக்கிறது அல்லவா, அந்தக் கோட்டை ஒட்டி நிறையக் குழந்தைகள் நிற்கிறார்கள். சராசரி 2,898, விலக்கம் 468 என்று வைத்து வளைவைக் கீறினால், இருபது கிராம் நகர்வு நூற்றுக்கு 1.2 குழந்தைகளைக் கோட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு மாற்றுகிறது. லட்சம் பிறப்புக்கு 1,200. அந்த 1,200 பேர் யார் என்று எந்த மருத்துவராலும் விரல் நீட்டிச் சொல்ல முடியாது என்பதுதான் இந்த விஷயத்தின் சங்கடம்.

இருந்தாலும் ஹேப்பினுக்கு வக்காலத்து வாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு. ஒரு வயதில் உயரக் குறைவோடு இருந்தவர்கள் கேஸ் வீட்டில் 27.4 சதவீதம், விறகு வீட்டில் 25.2. எதிர்த் திசையில் போகிறது. இதைத் தராசின் ஆட்டம் என்று சொல்லித் தள்ளிவிட்டு, பிறப்பு எடையில் மட்டும் ஆட்டத்துக்குப் பின்னால் உண்மை இருக்கிறது என்று பிடித்துக்கொண்டால் அது விளையாட்டு விதியை நம் வசதிக்கு மாற்றுவது. உயரத்தைப் பொறுத்தவரை, பிறந்த பிறகு சத்துணவும் வயிற்றுப்போக்கும் அடுப்பைவிடப் பெரிய ஆட்டக்காரர்கள் என்றே நினைக்கிறேன்.

பலன் சிறிதாகத் தெரிய வேறு காரணங்களும் இருக்கின்றன. பெண்கள் ஆய்வில் சேர்ந்ததே கர்ப்பத்தின் 9-ஆம் வாரத்துக்கும் 20-ஆம் வாரத்துக்கும் நடுவில். நஞ்சுக்கொடி வேர் பிடிக்கும் காலம் பலருக்கு விறகுப் புகையிலேயே முடிந்திருக்கும். கேஸ் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் விறகு எரிந்துகொண்டுதான் இருந்தது. 23.9 என்பதும் சுத்தமான காற்று இல்லை. உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வகுத்த ஆண்டு வரம்பு 5. கெடுதல் குறைந்த அளவுகளில் செங்குத்தாக ஏறி, மேலே போகப் போகத் தட்டையாகும் வளைவு என்றால், 70-லிருந்து 24-க்கு இறங்குவதைவிட 24-லிருந்து 5-க்கு இறங்குவதில்தான் லாபம் அதிகம்.

ஹேப்பின் குழுவே 2023-ல் தங்கள் தரவை வேறு மாதிரி புரட்டிப் பார்த்தது. எந்தக் குழு என்பதை மறந்துவிட்டு, ஒவ்வொரு பெண்ணும் உண்மையில் சுவாசித்த அளவை எடையோடு பொருத்தியது. நுண்துகள் அதிகமாக இருந்த இடத்தில் எடை சுமார் 15 கிராம் குறைவு, கரும்புகைத் துகளுக்கு சுமார் 22 கிராம். இங்கே இரண்டுக்கும் அளவுகோல், குறைந்த பக்கக் கால்வாசிப் பெண்களின் எல்லையிலிருந்து அதிகப் பக்கக் கால்வாசியின் எல்லை வரை உள்ள தூரம். இந்தத் தடவை இடைவெளியில் பூஜ்யம் இல்லை. ஆனால் கவனிக்க வேண்டும்: குலுக்கலை மறந்த மறுநிமிடமே இது சாதாரணக் கவனிப்பு ஆய்வாகிவிட்டது. குலுக்கல் கொடுத்த பெரிய வரம் போய்விட்டது.

அந்த வரம் என்ன? ஒரே ஊரில் ஒருத்தி விறகில் சமைக்கிறாள், இன்னொருத்தி கேஸில் சமைக்கிறாள் என்றால் இருவருக்கும் அடுப்பு மட்டுமா வேறு? விறகு பொறுக்கப் போகிறவள் கர்ப்ப காலத்திலும் சுமை தூக்குகிறாள். வீட்டில் வருமானம் குறைவு, அதனால் சாப்பாட்டில் முட்டையும் பாலும் குறைவு, இரத்தச்சோகை அதிகம். குழந்தையின் எடை குறைந்தால் பழி புகைக்கா, வறுமைக்கா? எண்ணூரின் சாம்பலுக்குப் பக்கத்தில் வசிக்கும் குடும்பத்தையும் அடையாறில் மரங்களுக்கு நடுவே வசிக்கும் குடும்பத்தையும் ஒப்பிட்டு, காற்று இப்படிச் செய்கிறது என்று சொன்னால் யாரும் சிரிப்பார்கள். வருமானம், படிப்பு, தாயின் உயரம் என்று ரெக்ரஷன் என்ற புள்ளியியல் கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்த்து, அவை ஒத்திருக்கும் பெண்களுக்குள் மட்டும் ஒப்பிடலாம். ஆனால் அளந்ததைத்தான் சேர்க்க முடியும். மாமியார் சாப்பாட்டில் கை வைக்கிறாரா என்பது எந்தப் படிவத்திலும் இல்லை. குலுக்கல் போட்டால் அளந்ததும் அளக்காததும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரிந்துவிடும், அதுதான் வரம்.

குலுக்கல் போட முடியாத இடங்களில் ஆராய்ச்சியாளர்கள் வேறு வழி தேடினார்கள். உலகமே எங்காவது குலுக்கல் போட்டிருக்கிறதா என்று பார்ப்பது. இதை இயற்கைச் சோதனை என்பார்கள். எனக்குப் பிடித்தது இந்தோனேசியக் கதை.

1997-ல் எல் நினோ வறட்சி. சுமத்ராவிலும் கலிமந்தானிலும் காடுகளும் கரிமண் நிலங்களும் மாதக்கணக்கில் எரிந்தன. எத்தனை சிசுக்கள் இறந்தன என்று எண்ணுவதற்கு அங்கே நம்பகமான இறப்புப் பதிவு கிடையாது. பொருளாதார அறிஞர் சீமா ஜெயச்சந்திரன் இறந்தவர்களை எண்ணவில்லை, இருப்பவர்களை எண்ணினார். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஒவ்வொரு பகுதியிலும் எந்த மாதத்தில் பிறந்த குழந்தைகள் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்று எடுத்தார். செயற்கைக்கோள் பதிவிலிருந்து எந்தப் பகுதியில் எந்த மாதம் புகை அடர்ந்தது என்பதை எடுத்தார். இரண்டையும் பொருத்தினால், புகை அடர்ந்த இடங்களில், அந்தச் சமயத்தில் தாய் வயிற்றில் இருந்திருக்க வேண்டிய குழந்தைகள் வரிசையில் குறைகிறார்கள். 15,600 பேருக்கு மேல். அந்த வயதுக் குழந்தைகளில் 1.2 சதவீதம். வகுப்பில் வருகைப் பதிவேடு எடுக்கும்போது காலியாக இருக்கும் பெஞ்சை எண்ணுவது போன்ற வேலை.

இதிலும் சந்தேகம் எழும். புகைக்குப் பயந்து மக்கள் ஊரைவிட்டுப் போயிருக்கலாம், கஷ்ட காலத்தில் குழந்தை வேண்டாம் என்று தள்ளிப்போட்டிருக்கலாம். ஆனால் இரண்டாவது சந்தேகத்துக்கு நாள்காட்டியே பதில் சொல்கிறது. தீ மூண்டபோது ஏற்கெனவே கருவில் இருந்த குழந்தையைத் தள்ளிப்போட முடியாது. ஊர் மாறியதையும் அவர் தனியாகச் சோதித்தார்.

பெய்ஜிங் இன்னொன்று. 2008 ஒலிம்பிக்ஸுக்காக ஆலைகளை மூடி, வண்டிகளைக் குறைத்து, காற்றைச் சில வாரங்களுக்குச் சுத்தமாக்கினார்கள். 83,672 பிறப்புகளைப் பார்த்த ஓர் ஆய்வு, அந்த வாரங்களில் எட்டாம் மாதத்தில் இருந்த தாய்மார்களின் குழந்தைகள், 2007-லும் 2009-லும் அதே நாட்களில் எட்டாம் மாதத்தில் இருந்தவர்களின் குழந்தைகளைவிட 23 கிராம் கூடுதல் எடை என்று கண்டது. மறுபடியும் இருபது சொச்சம்! வேறு புகை, வேறு மாதம், வேறு அளவு. எண் ஒத்துப்போவதை அதிகம் கொண்டாடக் கூடாது. ஆனால் இங்கே பிறப்புகள் பல்லாயிரக்கணக்கில் இருந்ததால் தராசு ஆடவில்லை.

அமெரிக்காவில் சுங்கச்சாவடிகளில் நிற்காமல் போக வழி செய்யும் ஈ-இசட்பாஸ் வந்தது, நம் ஃபாஸ்டேக்குக்கு அண்ணன் முறை. நியூஜெர்சி, பென்சில்வேனியா சுங்கச்சாவடிகளுக்கு இரண்டு கிலோமீட்டருக்குள் வசித்த தாய்மார்களிடம் குறைப்பிரசவம் 10.8 சதவீதமும் எடை குறைந்த பிறப்பு 11.8 சதவீதமும் குறைந்ததாக ஜேனட் கரியும் ரீட் வாக்கரும் 2011-ல் எழுதினார்கள். அதே நெடுஞ்சாலைப் பக்கம் சற்றுத் தள்ளி, இரண்டு முதல் பத்து கிலோமீட்டரில் இருந்தவர்களோடு ஒப்பிட்டு. சாவடியில் வண்டிகள் நின்று உறுமாததுதான் இரண்டு பக்கத்துக்கும் உள்ள மாற்றம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானபோது நம் ஊரிலும் இதே கேள்வியைக் கேட்க ஒரு வாய்ப்பு வந்தது. ஆனால் கோவிட் நடுவில் புகுந்த வருடங்கள் அவை; அதைக் கழித்து எடுப்பது லேசான வேலை இல்லை.

கருவின் எந்த வாரத்தில் புகை பட்டால் கெடுதல் என்ற கேள்வி இதைவிடச் சிக்கலானது. டெல்லியை எடுத்துக்கொள்வோம். நவம்பரிலிருந்து ஜனவரி வரை அங்கே காற்று விஷம். மழைக்காலத்தில் ஓரளவு சுத்தம். நவம்பர் தொடக்கத்தில் கருவுற்றவளுக்கு முதல் மூன்று மாதம் புகையில், கடைசி மூன்று மாதம் மே முதல் ஜூலை வரை. மே மாதம் கருவுற்றவளுக்குத் தலைகீழ். அதாவது முதல் மூன்று மாதத்தில் புகை கூடினால் கடைசி மூன்று மாதத்தில் குறையும். இப்போது உண்மையில் கெடுதல் முதல் மூன்று மாதத்தில் மட்டும் என்று வைத்துக்கொண்டு, கடைசி மூன்று மாதத்தின் புகையை மட்டும் எடுத்து எடையோடு பொருத்திப் பாருங்கள். கடைசி மூன்று மாதம் புகையில் இருந்தால் குழந்தைக்கு நல்லது என்று விடை வரும்! கணினி கூசாமல் அச்சடித்துக் கொடுக்கும்.

கர்ப்பத்தின் முதல், நடு, கடைசி மூன்று மாதங்களுக்குத் தனித்தனியாகக் கணித மாதிரி போடும் பழக்கம் இந்தத் துறையில் வெகுகாலம் இருந்தது. ஆண்டர் வில்சனும் பிரெண்ட் கோலும் உள்ளிட்ட ஒரு குழு 2017-ல் இது எப்படித் தவறான சன்னலை, அதாவது கெடுதல் நடக்கும் காலமாகத் தவறான வாரங்களைக் காட்டும் என்று விளக்கியது. மூன்றையும் ஒரே கணித மாதிரிக்குள் சேர்க்க வேண்டும். அல்லது ஒவ்வொரு வாரத்தின் புகையையும் சேர்த்து, அடுத்தடுத்த வாரங்களின் விளைவு திடீரென்று குதிக்காமல் வழுக்கிப் போகட்டும் என்று ஒரு கட்டுப்பாடு விதிக்க வேண்டும். கட்டுப்பாடு இல்லாமல் முப்பத்தேழு வாரங்களையும் அவிழ்த்துவிட்டால், 14-ஆம் வாரம் கெடுதல், 15-ஆம் வாரம் நன்மை, 16-ஆம் வாரம் மறுபடி கெடுதல் என்று கோடு பேயாட்டம் ஆடும். பக்கத்து வாரங்களின் காற்று ஏறக்குறைய ஒன்றுதானே, யாருக்குப் பழி என்று அதற்குத் தெரியாது.

பருவத்தோடு இன்னும் எத்தனையோ வந்து ஒட்டிக்கொள்ளும்: அறுவடை, காய்ச்சல், கல்யாண முகூர்த்த மாதங்கள். அதனால் நவம்பர் குழந்தையை ஜூலைக் குழந்தையோடு ஒப்பிடாமல், அதே ஊரில் வேறு வருட நவம்பரில் பிறந்த குழந்தையோடு ஒப்பிடுவது ஒரு வழி. நான்காவது தேசியக் குடும்ப நல ஆய்வின் 2,18,152 குழந்தைகளை வைத்து, ஊரின் பாதிப்பையும் பருவத்தின் பாதிப்பையும் கழித்துவிட்டுப் பார்த்த ஒரு 2019 கட்டுரை, பிறந்த மாதத்தில் நுண்துகள் 100 மைக்ரோகிராம் கூடினால் குழந்தையின் உயரம் 0.05 திட்ட விலக்கம் குறைகிறது என்றது. ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு அது கால் சென்டிமீட்டர்.

எனக்குப் பிடித்த ஒரு சோதனை உண்டு, பள்ளிப் பிள்ளைக்கும் புரியும். குழந்தை பிறந்த பிறகு வரும் மாதத்தின் புகையை எடுத்துப் பிறப்பு எடையோடு பொருத்திப் பாருங்கள். நாளைய புகை நேற்றைய எடையைக் குறைக்க முடியாது. தொடர்பு இருப்பதாகக் கணக்கு காட்டினால், பருவமோ வறுமையோ எங்கேயோ உள்ளே ஒளிந்திருக்கிறது. ஒரு கட்டுரை இதைச் செய்திருந்தால் அதன் மீது எனக்கு மரியாதை கூடும்.

அளவீட்டுப் பிழைக்கும் குணம் உண்டு, எல்லாப் பிழையும் ஒன்றில்லை. உடுப்பில் கருவி மாட்டிய ஒரு நாள் பொங்கலாக இருந்தால் அன்று அடுப்பு நாள் முழுக்க எரியும். அந்த எண் அவள் வழக்கமாகச் சுவாசிப்பதைக் காட்டாது. இந்த மாதிரித் தனி ஆள் அளவீட்டில் வரும் ஆட்டம், உண்மையான விளைவைப் பூஜ்யத்தை நோக்கி நசுக்கும். நகரத்துக்கு ஒரு கண்காணிப்பு நிலையம் வைத்து அந்த எண்ணையே எல்லாத் தாய்மார்களுக்கும் ஒட்டினால், விளைவு அவ்வளவாக நசுங்காது, இடைவெளிதான் அகலும். புகையின் கெடுதலை மிகைப்படுத்துகிறார்கள் என்று குற்றம் சாட்டுகிறவர்கள் முதலில் சொன்ன தனி ஆள் அளவீட்டுப் பிழை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

எடையை விட்டு மூளைக்குப் போனால் நிலம் இன்னும் வழுக்கும். கொலம்பியா பல்கலைக்கழகத்தின் பிரடெரிக்கா பெரேரா குழு, 1998-லிருந்து நியூயார்க்கின் வடக்கு மன்ஹாட்டன், தெற்கு பிராங்க்ஸ் பகுதிகளில் கறுப்பின, டொமினிக்கன் கர்ப்பிணிகளைத் தொடர்ந்தது. கடைசி மூன்று மாதத்தில் அவர்கள் 48 மணி நேரம் ஒரு முதுகுப்பையைச் சுமந்தார்கள். வாகனப் புகையிலும் நிலக்கரிப் புகையிலும் வரும் பல்வளைய ஹைட்ரோகார்பன்களை அது உறிஞ்சிப் பதிந்தது. குழந்தைகளுக்கு ஐந்து வயதானபோது, தாயின் அறிவுத்திறன், வீட்டுச் சூழல் எல்லாம் கணக்கில் சேர்த்த பிறகும், அதிகப் புகைப் பக்கத்துக் குழந்தைகளின் நுண்ணறிவு ஈவு (ஐக்யூ) 4.31 புள்ளி குறைந்திருந்தது. 249 குழந்தைகள்.

நான்கு புள்ளிக்கும் அதே வளைவுக் கணக்குதான். சராசரி 100, விலக்கம் 15 என்றால் 70-க்குக் கீழே நூற்றுக்கு 2.3 பேர். சராசரி 96 ஆனால் 4.2 பேர். சிறப்புக் கல்வி தேவைப்படும் வரிசை ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. ஆனால் 249 குழந்தைகளில் கிடைத்த 4.31-ஐ அப்படியே ஒரு நாட்டுக்குப் பெருக்கிப் போடுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சின்ன ஆய்வில் முக்கியத்துவக் கோட்டைத் தாண்டி வரும் எண் பெரும்பாலும் உண்மையைவிடச் சற்றுப் பெருத்துத்தான் வரும். ஏனென்றால் சிறிதாக வந்திருந்தால் கோட்டைத் தாண்டியிருக்காது. ஆண் குழந்தைகளுக்கு மட்டும், இத்தனாவது வாரத்தில் மட்டும், இந்த ஒரு தேர்வில் மட்டும் விளைவு என்று வரும் கட்டுரைகளைப் படிக்கும்போது, சொல்லாமல் விட்ட எத்தனை கணக்குகள் டிராயரில் இருக்கும் என்றுதான் முதலில் தோன்றும். ஹேப்பின் எதை அளக்கப் போகிறோம் என்று நான்கு முடிவுகளை முன்கூட்டியே பதிந்துவைத்துவிட்டு இறங்கியது. அதனால்தான் அதன் ஏமாற்றத்துக்கும் ஒரு மதிப்பு இருக்கிறது.

ஐந்து வயதில் தேர்வு எழுத வரும் குழந்தைகளைப் பற்றி இன்னொன்று. அவர்கள் பிறந்தவர்கள். இந்தோனேசியாவின் காலி பெஞ்சுகளை நினைத்துக்கொள்ளுங்கள். புகையில் பலவீனமான கருக்கள் பிறக்காமலே போனால், புகைப் பகுதியில் பிறந்து நிற்பவர்கள் சற்று வலுவானவர்களாக இருப்பார்கள். கெடுதல் குறைந்து தெரியும், சில சமயம் நன்மையாகவே தெரியும். பழைய உதாரணம் ஒன்று உண்டு. எடை குறைந்த குழந்தைகளுக்குள் மட்டும் பார்த்தால், சிகரெட் பிடித்த தாய்மார்களின் குழந்தைகள் குறைவாக இறக்கிறார்கள் என்று ஜேக்கப் யெருஷல்மி 1971-ல் காட்டினார். சிகரெட் நல்லதா? இல்லை. சிகரெட் பிடிக்காதவளுக்கு எடை குறைந்த குழந்தை பிறந்தால் அதற்கு வேறு ஏதோ கடுமையான காரணம் இருக்கும், பிறவிக் குறைபாடு மாதிரி. எடை குறைந்தவர்களை மட்டும் பிரித்தெடுத்த கையோடு ஒப்பீடு கெட்டுவிட்டது. பிறப்பு எடையை ரெக்ரஷனில் சேர்த்துவிட்டுப் புகைக்கும் மூளைக்கும் உள்ள தொடர்பைத் தேடும் கட்டுரைகள் இதே குழியில்தான் விழுகின்றன.

சீனாவின் சோங்சிங் பக்கம் தொங்லியாங் என்று ஓர் ஊர். அங்கே இருந்த நிலக்கரி மின் நிலையத்தை 2004 மே மாதம் மூடினார்கள். பெரேராவும் தெலியாங் தாங்கும் அதற்கு முன்பே, 2002-ல், ஒரு தொகுதித் தாய்மார்களைத் தொடரத் தொடங்கியிருந்தார்கள். 2005-ல் இன்னொரு தொகுதி. ஒவ்வொன்றிலும் நூறு சொச்சம் குழந்தைகள். புகையின் வேதிப்பொருள் டிஎன்ஏவில் ஒட்டிக்கொண்ட தடயம் தொப்புள்கொடி இரத்தத்தில் எவ்வளவு என்று பார்த்தார்கள். முதல் தொகுதியில் தடயம் கூடிய குழந்தைகள் இரண்டு வயதில் உடல் அசைவுத் திறனில் பின்தங்கினார்கள். நிலையத்தை மூடிய பிறகு வந்த தொகுதியில் தடயமும் குறைந்திருந்தது, அந்தத் தொடர்பும் காணவில்லை. கதை கச்சிதமாக இருக்கிறது. ஆனால் அந்த மூன்று வருடத்தில் சீனாவில் சம்பளம் ஏறியது, வீடு மாறியது, சாப்பாடு மாறியது. நிலையம் மூடாத பக்கத்து ஊர் ஒன்றையும் அதே 2002-லும் 2005-லும் அளந்து பக்கத்தில் வைத்திருந்தால், இன்னும் நிம்மதியாக நம்பியிருப்பேன்.